எம்பி பதவி போன பிறகும் பின்தொடர முடியுமா? தேவொர்க்ஃபார்யூ தளம் பற்றி ஒரு ஷெஃபீல்டு வாக்காளர்

பிரிட்டனுக்கு வந்து சேரும் தமிழர்களில் நிறையப் பேருக்கு இங்கே தங்களுக்கு ஓட்டு உண்டு என்பது தெரிவதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாடுகளின் குடிமக்கள் முறையான விசாவோடு இங்கே குடியிருந்தால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. ஒரு வருடம் படிக்க வந்த மாணவருக்கும் இது பொருந்தும். நான் ஷெஃபீல்டில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். செப்டம்பரில் புதிதாக வந்து இறங்கும் நம் பிள்ளைகளிடம் முதலில் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்வேன். அடுத்த வேலையாக, எம்பிக்கள் நாடாளுமன்றத்தில் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் தேவொர்க்ஃபார்யூ (TheyWorkForYou) என்ற தளத்தைத் திறந்து அவர்களுடைய அஞ்சல் குறியீட்டைப் போடச் சொல்வேன்.

அந்தத் தளத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னென்ன வசதி இருக்கிறது என்று பட்டியல் போடுவதை விட, ஒரே ஒரு கேள்வியை வைத்து அதைச் சோதித்துப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன். ஓர் அரசியல்வாதி நாடாளுமன்றத்தை விட்டுப் போய்ப் பெரிய நிறுவனம் ஒன்றின் சார்பில் அரசுகளிடம் பேசும் வேலையில் சேர்ந்தால், அவரைத் தேர்ந்தெடுத்த மக்கள் அதற்கப்புறம் அவரைப் பின்தொடர முடியுமா? நான் குடியிருக்கும் ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதிக்காரர்களுக்கு இது நியாயமான கேள்வி. எங்கள் தொகுதியில் அடுத்தடுத்து எம்பியாக இருந்த இருவர் ஒரே நிறுவனத்தில், ஏறக்குறைய ஒரே வகையான வேலைக்குப் போனார்கள். முதலாமவர் ரிச்சர்ட் ஆலன், 1997 முதல் 2005 வரை எம்பி. அவருக்குப் பின் வந்தவர் நிக் கிளெக், 2005 முதல் 2017 வரை. நிறுவனம் ஃபேஸ்புக்.

முதலில் தளம். 2004-ல் தன்னார்வலர்கள் சேர்ந்து தொடங்கியது. இப்போது மைசொசைட்டி என்ற அறக்கட்டளை நடத்துகிறது. இலவசம், படிப்பதற்குக் கணக்குத் தொடங்கவும் வேண்டாம். அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் உங்கள் எம்பியின் பக்கம் வரும். அவையில் அவர் பேசிய ஒவ்வொரு பேச்சு, அமைச்சர்களிடம் எழுத்து மூலம் கேட்ட கேள்விகள், எந்த விஷயத்தில் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற சுருக்கம், யாரிடமிருந்து பணமும் பரிசும் பெற்றார் என்ற நிதி நலன் பதிவேடு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஒரு பெயரையோ சொல்லையோ கொடுத்துவிட்டால், அது நாடாளுமன்றத்தில் வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த மின்னஞ்சல்தான். 'மாணவர் விசா' என்ற பொருளுக்கு எச்சரிக்கை வைத்துக்கொண்ட பிள்ளைகள், வாட்ஸ்அப் வதந்தி வருவதற்கு முன்பே அமைச்சர் அவையில் உண்மையில் என்ன சொன்னார் என்பதைப் படித்துவிடுகிறார்கள்.

நிதி நலன் பதிவேட்டை நாடாளுமன்றமே வெளியிடுகிறது. புதிதாகச் சேரும் வருமானத்தையும் பரிசையும் எம்பிக்கள் 28 நாட்களுக்குள் பதிந்தாக வேண்டும். தேவொர்க்ஃபார்யூ அதை எடுத்து, முந்தைய பதிப்போடு ஒப்பிட்டு, எது புதிதாக வந்தது, எது நீக்கப்பட்டது என்று வேறுபடுத்திக் காட்டுகிறது. சாதாரண வாசகர் தானாக உட்கார்ந்து செய்ய முடியாத வேலை இது. ஒரு வரி எப்போது முளைத்தது, எப்போது மறைந்தது என்பது தெரிந்தால்தான் கேள்வியே கேட்க முடியும்.

சரி, சோதனைக்கு வருவோம். கிளெக்கின் பக்கத்தைத் திறந்தால் பன்னிரண்டு ஆண்டு எம்பி வாழ்க்கை அப்படியே இருக்கிறது. பதவியை விட்டவர் என்பதற்காக எதையும் அழித்துவிடவில்லை. இதற்கே இந்தத் தளத்துக்கு நன்றி சொல்லலாம். 2010 டிசம்பர் 9 அன்று நடந்த வாக்கெடுப்பைத் தேடிப் போய்ப் பாருங்கள். இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டண உச்சவரம்பை ஏறத்தாழ 3,300 பவுண்டிலிருந்து 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானம். 323 பேர் ஆதரவு, 302 பேர் எதிர்ப்பு. அதே ஆண்டு மே மாதத் தேர்தலுக்கு முன், கட்டண உயர்வு எதுவானாலும் எதிர்த்து வாக்களிப்போம் என்று தேசிய மாணவர் சங்கத்தின் உறுதிமொழித் தாளில் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கட்சித் தலைவரான கிளெக்கும் போட்டிருந்தார். பிறகு கன்சர்வேட்டிவ் கட்சியோடு கூட்டணி. கிளெக் துணைப் பிரதமர். வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்கும் உரிமையைக் கூட்டணி ஒப்பந்தம் அவர் கட்சி எம்பிக்களுக்குக் கொடுத்திருந்தது. 21 பேர் அதையும் தாண்டி, உயர்வை எதிர்த்தே வாக்களித்தார்கள். கிளெக் ஆதரித்து வாக்களித்தார்.

பல்லாயிரம் மாணவர்கள் வாழும் ஊர் எங்களுடையது. இந்த ஒரு வாக்கை இங்கே யாரும் மறக்கவில்லை. 2010-ல் 15,284 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர், 2015-ல் 2,353 வாக்கில்தான் தப்பினார். நாடு முழுவதும் 57-ஆக இருந்த கட்சியின் இடங்கள் அந்தத் தேர்தலில் 8-ஆகச் சுருங்கின. 2017 ஜூனில் தொழிற்கட்சி வேட்பாளரிடம் 2,125 வாக்கில் தோற்றார். என்ன செய்தார் என்பது பதிவில் இருந்தது, மக்கள் படித்தார்கள், தீர்ப்புச் சொன்னார்கள். ஜனநாயகத்தில் ஒரு பதிவேடு செய்ய வேண்டிய வேலை இதுதான். தேவொர்க்ஃபார்யூ இந்த வேலையை அவ்வளவு நன்றாகச் செய்கிறது.

அவர் பக்கம் 2017-ல் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2018 அக்டோபரில் கிளெக் ஃபேஸ்புக்கின் உலக விவகாரங்களுக்கும் தகவல் தொடர்புக்கும் துணைத் தலைவராக அறிவிக்கப்பட்டார். எலியட் ஷ்ராகே வகித்த இடம் அது. குடும்பத்தோடு கலிஃபோர்னியா போனார். ஃபேஸ்புக் பயனர்களின் தரவு அவர்களுக்குத் தெரியாமல் அரசியல் விளம்பரத்துக்காக எடுக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்து சில மாதங்களே ஆகியிருந்தன. அமெரிக்காவும் ஐரோப்பாவும் புதிய சட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிய நேரம். நிறுவனத்துக்கு ஏன் இவர் தேவைப்பட்டார் என்று யோசித்தால் காரணம் எளிது. எம்பி ஆவதற்கு முன் 1999 முதல் 2004 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். அதற்கும் முன் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தில், ஆணையர் லியோன் பிரிட்டனின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஐந்து மொழி பேசுவார். ஒரு சட்டத்தின் வரைவு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும், எந்தக் கட்டத்தில் ஒரு வார்த்தையை மாற்ற முடியும், எந்தக் கட்டத்துக்குப் பிறகு முடியாது என்பது அனுபவத்தில் தெரிந்த மனிதர். அவர் கொண்டுபோனது அந்த அனுபவம். அதில் எம்பியாகவும் துணைப் பிரதமராகவும் கிடைத்த பங்கு எங்கள் வாக்கில் வந்தது.

2022 பிப்ரவரியில் அவர் மெட்டாவின் (ஃபேஸ்புக் நிறுவனத்தின் புதிய பெயர்) உலக விவகாரத் தலைவர் ஆனார். கொள்கை விஷயங்களில் நிறுவனத்தின் முகமாக அவரை முன்னிறுத்துவதாக அதன் நிறுவனர் மார்க் ஜூக்கர்பெர்க்கே அறிவித்தார். 2021 ஜூனில் டொனால்ட் டிரம்ப்பின் கணக்குகளை இரண்டு ஆண்டுக்கு முடக்குவதாக உலகத்துக்குச் சொன்ன அறிக்கை கிளெக்கின் பெயரில் வந்தது. 2023 ஜனவரியில் அவற்றைத் திரும்பத் திறப்பதாக வந்த அறிக்கையும் அவர் பெயரில்தான். அதற்கு முன், 2019 செப்டம்பரில், அரசியல்வாதிகளின் பேச்சை உண்மைச் சரிபார்ப்புக்கு அனுப்ப மாட்டோம் என்ற கொள்கையை வாஷிங்டனில் மேடையேறி விளக்கியவரும் அவரே. துணைப் பிரதமராக இருந்தபோது எடுத்த பல முடிவுகளை விட இவை அதிகமான மனிதர்களைத் தொட்டிருக்கும். அன்று அவருடைய ஒவ்வொரு வாக்கையும் நாங்கள் எண்ண முடிந்தது. இந்த முடிவுகளுக்கு ஹன்ஸார்டு போல, அதாவது நாடாளுமன்ற நடவடிக்கைகளின் அதிகாரப்பூர்வப் பதிவு போல, எதுவும் கிடையாது. 2025 ஜனவரி தொடக்கத்தில் விலகுவதாக அறிவித்தார். அவர் இடத்துக்கு ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய ஜோயல் கேப்லன் வந்தார். சில நாட்களிலேயே அமெரிக்காவில் வெளியார் மூலம் நடத்திவந்த உண்மைச் சரிபார்ப்புத் திட்டத்தை நிறுத்துவதாக மெட்டா சொன்னது.

கிளெக் விதி எதையும் மீறவில்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அமைச்சர் பதவியை விட்டவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் வேலைக்குச் சேர்வதானால், அக்கோபா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆலோசனைக் குழுவிடம் கேட்க வேண்டும் என்பது விதி. அவர் அமைச்சரவையை விட்டது 2015 மே. ஃபேஸ்புக்கில் சேர்ந்தது 2018 அக்டோபர். காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தேர்தலில் தோற்று, பதவி போய், உழைத்துச் சாப்பிட வேண்டிய ஒரு மனிதர் தனக்குத் தெரிந்த தொழிலுக்குப் போனார். அதில் எனக்குக் கோபம் இல்லை. நிறுவனங்களுக்கு உள்ளேயும் நாடாளுமன்றம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இருப்பது ஒருவிதத்தில் நல்லதுதான். என் கவலை எல்லாம் அவர் போன வழியில் விளக்கே இல்லை என்பது பற்றித்தான்.

இப்போது ரிச்சர்ட் ஆலனின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தளத்தின் உண்மையான பலம் அங்கேதான் தெரியும்.

ஆலன் தொல்லியல் படித்தவர், பிறகு கணினித் துறைக்கு வந்தவர். எம்பியாக இருந்தபோது மக்களவையின் தகவல் குழுவுக்குத் தலைமை வகித்தார். 2005-ல் தேர்தலில் நிற்கவில்லை. அந்த இடத்தில்தான் கிளெக் வந்தார். ஆலன் சிஸ்கோ நிறுவனத்தில் அரசுத் தொடர்பு வேலை பார்த்தார், 2009-ல் ஃபேஸ்புக்கின் ஐரோப்பியக் கொள்கைப் பொறுப்புக்குப் போனார். கிளெக் போவதற்கு ஒன்பது ஆண்டு முன்பே அந்த நிறுவனத்துக்குப் போய்விட்டவர். 2010-ல் அவருக்கு மேலவைப் பதவி கிடைத்தது. லார்டு ஆலன் ஆஃப் ஹாலம். எங்கள் தொகுதியின் பெயரையே பட்டத்தில் வைத்துக்கொண்டார்.

2018 நவம்பர் 27. மக்களவையின் டிஜிட்டல், கலாசாரக் குழுவின் தலைவர் டேமியன் காலின்ஸ், பிரிட்டன் உட்பட ஒன்பது நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களை லண்டனில் கூட்டி ஃபேஸ்புக்கை விசாரித்தார். ஜூக்கர்பெர்க் வர மறுத்துவிட்டார். அவருடைய பெயர்ப் பலகைக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னவர் லார்டு ஆலன். அதாவது, மேலவைப் பட்டம் பெற்ற ஒருவர், தான் முன்பு உறுப்பினராக இருந்த அதே மக்களவையின் குழு முன்னால், ஒரு நிறுவனத்தின் ஊழியராக உட்கார்ந்திருக்கிறார். அந்த விசாரணையை முழுக்கப் படிக்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். குழுக்களின் சாட்சியப் பதிவு நாடாளுமன்றத்தின் சொந்தத் தளத்தில் கிடைக்கிறது. அவையில் பேசுவதைத் தொடர்வதுதான் தேவொர்க்ஃபார்யூவின் முக்கிய வேலை. குழு விசாரணைகளுக்கு அங்கே போய்த் தேடிக்கொள்ள வேண்டும்.

2019-ல் ஆலன் ஃபேஸ்புக்கை விட்டு வந்தார். அப்புறம் இணையப் பாதுகாப்பு மசோதா மேலவைக்கு வந்தபோது, 2023-ல், அதன் மீது மிக அதிகமாகப் பேசியவர்களில் அவரும் ஒருவர். ஃபேஸ்புக்கில் பத்தாண்டு வேலை பார்த்தவன் என்பதை அவையில் எழுந்து சொல்லிவிட்டே பேசினார். தேவொர்க்ஃபார்யூவில் அந்தப் பேச்சுகள் வரிசையாக இருக்கின்றன. படித்துப் பாருங்கள். இந்தப் பிரிவை இப்படி எழுதினால் நிறுவனத்துக்குள் இருக்கும் ஊழியர் அதை எப்படிப் புரிந்துகொள்வார், இந்த வார்த்தை நடைமுறையில் எதைச் செய்ய வைக்கும் என்றெல்லாம் விளக்குகிறார். அவர் சொல்வதை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். எங்கிருந்து வந்தவர் என்பது தெரிந்தே கேட்கிறீர்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரே தொகுதி, ஒரே கட்சி, ஒரே நிறுவனம். அவையில் ஓர் இருக்கை இருந்ததால் ஒருவரின் பாதை கண்ணுக்குத் தெரிகிறது. இருக்கை இல்லாததால் இன்னொருவருடையது தெரியவில்லை.

இந்த வேறுபாட்டுக்குத் தளத்தைக் குறை சொல்ல முடியாது. நாடாளுமன்றம் கொடுக்கும் தரவைத்தான் அது காட்ட முடியும். வெளியே போனவர்களைப் பற்றித் தரவு கொடுக்க வேண்டியது சட்டத்தின் வேலை. அந்தச் சட்டத்தைப் பற்றியும் இதே தளத்தில் படிக்கலாம் என்பதால்தான் இந்த மதிப்புரையே இவ்வளவு நீள்கிறது.

ஒரு நிறுவனத்துக்காகவோ குழுவுக்காகவோ அரசிடம் பேசி முடிவுகளைத் தம் பக்கம் திருப்ப முயல்வதை லாபி என்பார்கள். 2014 ஜனவரியில் ராணியின் ஒப்புதல் பெற்ற லாபிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி, வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு அமைச்சரையோ துறைச் செயலரையோ நேரடியாகத் தொடர்புகொள்ளும் ஆலோசகர்கள் ஒரு பொதுப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒரு நிறுவனம் தன் சொந்தச் சம்பளப் பட்டியலில் வைத்திருக்கும் ஆட்கள் சேர்க்க வேண்டாம். சட்டத்தை அவையில் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ லான்ஸ்லி. அரசியலமைப்புச் சீர்திருத்தம் அன்று துணைப் பிரதமர் கிளெக்கின் பொறுப்பில் இருந்தது. 2013 செப்டம்பரில் நடந்த விவாதத்தைத் தேவொர்க்ஃபார்யூவில் எடுத்துப் படியுங்கள். வரையறை மிகக் குறுகலாக இருக்கிறது, லாபி செய்பவர்களில் பெரும்பாலோர் இதற்கு வெளியே நின்றுவிடுவார்கள் என்று எம்பிக்கள் எழுந்து எழுந்து சொல்கிறார்கள். தொழிற்கட்சியின் கிரகாம் ஆலன் தலைமையிலான அரசியல், அரசியலமைப்புச் சீர்திருத்தக் குழுவும் இதையே சொன்னது. எச்சரிக்கை பதிவில் இருக்கிறது. நிறுவனங்களின் சொந்த ஆட்களைச் சேர்க்காமலே சட்டம் நிறைவேறியது. நான்கு ஆண்டு கழித்து அந்த அரசின் துணைப் பிரதமரே, சட்டம் தொடாத வகையான வேலை ஒன்றில் சேர்ந்தார். முன்பே திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. அந்த ஓட்டை அவருக்குப் பின்னும் திறந்தே கிடக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

2021-ல் அதே ஓட்டை இன்னொரு முறை வெளிச்சத்துக்கு வந்தது. முன்னாள் பிரதமர் டேவிட் கேமரன், கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்துக்காக நிதியமைச்சர் ரிஷி சுனக்குக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். லாபியிஸ்டுகளின் பதிவாளர் விசாரித்தார். கேமரன் அந்த நிறுவனத்தின் ஊழியர். ஆகவே பதிவு செய்யத் தேவை இல்லை என்று முடிந்தது.

தேவொர்க்ஃபார்யூவோடு சேர்த்து வேறு எதைப் பயன்படுத்தலாம்? அமைச்சர்கள் வெளியாரைச் சந்தித்த விவரத்தை ஒவ்வொரு துறையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. துறைக்கு ஒரு கோப்பு என்று சிதறிக் கிடக்கும் அந்தப் பட்டியல்களை டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் பிரிட்டன் கிளை ஓபன் அக்சஸ் என்ற தேடுதளமாகத் திரட்டி வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போட்டால் எந்த அமைச்சர், எந்த மாதம், எதற்காகச் சந்தித்தார் என்று வரும். 'எதற்காக' என்ற கட்டத்தில் பெரும்பாலும் நாலு வார்த்தைதான் இருக்கும். நிறுவனத்தின் பெயர் இருக்கும், வந்த ஆளின் பெயர் இருக்காது. கிளெக் என்று தேடுகிறவருக்கு இது போதாது. ஃபேஸ்புக் என்று தேடுகிறவருக்குப் பயன்படும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவேடு இதைவிடப் பல மடங்கு மேல். சொந்த ஊழியர்களை வைத்து லாபி செய்யும் நிறுவனங்களும் அதில் உண்டு. எவ்வளவு செலவு செய்கிறார்கள், எந்தச் சட்டங்களைக் குறிவைக்கிறார்கள், ஆணையர்களை எப்போது சந்தித்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. லாபிஃபேக்ட்ஸ் என்ற தளம் அதன் பழைய பதிப்புகளையும் சேமித்து வைத்திருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் மிக அதிகம் செலவழிக்கும் நிறுவனங்களின் வரிசையில் மெட்டாவை அங்கே காணலாம். அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி காலாண்டுக் கணக்கு கொடுத்தாக வேண்டும். ஓபன்சீக்ரெட்ஸ் தளத்தில் தொகுத்துக் கிடைக்கிறது. எந்த லாபியிஸ்ட் முன்பு எந்த அரசு அலுவலகத்தில் இருந்தார் என்று தேட அங்கே தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் மைசொசைட்டி போன்ற ஓர் அமைப்பின் கையில் இப்படி ஒரு தரவு கிடைத்தால் எவ்வளவு அழகாகச் செய்து கொடுப்பார்கள் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இன்னும் எம்பியாக இருப்பவர் விஷயத்தில் நிலைமை தேவலை. சுனக் பிரதமர் பதவியை விட்ட பிறகும் எம்பியாகத் தொடர்கிறார். 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், ஆந்த்ரோபிக் நிறுவனங்களுக்கு ஆலோசகராகச் சேர்ந்தபோது, அக்கோபா விதித்த நிபந்தனைகள் கடிதமாக வெளிவந்தன. எம்பி என்பதால் வருமானம் நிதி நலன் பதிவேட்டிலும் வந்தாக வேண்டும். தேவொர்க்ஃபார்யூவில் அவர் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதே மாதத்தில் அக்கோபா மூடப்பட்டு, அதன் வேலை வேறு இரண்டு இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. சொல்லை மீறினால் தண்டிக்கும் அதிகாரம் அக்கோபாவுக்கு என்றுமே இருந்ததில்லை. ஆனால் அதன் கடிதங்கள் பொதுவில் இருந்தன; பல செய்திகள் அவற்றிலிருந்துதான் பிறந்தன. பழைய கடிதங்கள் அரசுத் தளத்தில் இன்னும் படிக்கக் கிடைக்கின்றன.

தளத்தில் எனக்குக் குறையாகத் தெரிவது இரண்டு. வாக்குகளைச் சுருக்கிச் சொல்லும் பக்கம் புதியவருக்கு மிகவும் வசதி. அதை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடக் கூடாது. கட்சிக் கொறடா சொன்னதால் போட்ட வாக்கும் மனச்சாட்சிப்படி போட்ட வாக்கும் அந்தச் சுருக்கத்தில் ஒன்றாகவே தெரியும். பக்கத்திலேயே இருக்கும் விவாதத்துக்குப் போய்ப் படித்தால்தான் விஷயம் விளங்கும். இரண்டாவது, முன்னாள் எம்பிக்களின் பக்கம். பேச்சையும் வாக்கையும் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள், அமைச்சராக இருந்தவர்களின் பக்கத்திலாவது அக்கோபாவின் பழைய கடிதத்துக்கு ஓர் இணைப்புக் கொடுக்கலாம். அந்தக் கடிதங்கள் எல்லாம் பொது ஆவணங்கள்தான். சட்டம் மாறும் வரை காத்திருக்காமலே செய்யக்கூடிய வேலை அது. 2024 முதல் ஹூஃபண்ட்ஸ்தெம் என்ற பெயரில் தன்னார்வலர்களை வைத்து எம்பிக்களின் பண விவரங்களைச் சரிபார்க்கும் திட்டத்தை இதே அமைப்பு நடத்துகிறது. அவர்களால் முடியாதது அல்ல.

சட்டத்தைப் பொறுத்தவரை எனக்கு வேண்டியது ஒன்றுதான். அமைச்சரையோ அவருடைய சிறப்பு ஆலோசகரையோ சந்திக்கும் நிறுவன ஊழியரின் பெயர் பதிவேட்டில் வர வேண்டும். இப்போதுள்ள சட்டத்தில் சிறப்பு ஆலோசகரைச் சந்தித்தால் கணக்கிலேயே வராது. அமைச்சரின் காதுக்கு மிக அருகில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

இதை உங்கள் எம்பியிடம் கேட்க, இதே மைசொசைட்டி நடத்தும் ரைட்டுதெம் தளம் இருக்கிறது. அஞ்சல் குறியீடு போட்டால் கடிதம் நேரே அவருக்குப் போகும். உங்கள் முகவரி அவர் தொகுதிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான், குடியுரிமை கேட்பதில்லை. துறைகளிடம் தகவல் கேட்க வாட்டூதேநோ என்ற தளம். அங்கே கேட்ட கேள்வியும் வந்த பதிலும் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும் என்பதால், கேட்பதற்கு முன் வேறு யாராவது இதையே கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

புதிதாக இந்த ஊருக்கு வந்திருப்பவர் என்றால் தேவொர்க்ஃபார்யூவில் மூன்று எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எம்பியின் பெயர், உங்கள் விசா வகையின் பெயர், நீங்கள் வேலை பார்க்கும் துறை. எல்லாமே ஆங்கிலத்தில்தான் வரும். எம்பியின் பெயரை வைக்கும்போது அவருக்கு முன்பு அந்தத் தொகுதியில் இருந்தவர் மேலவையில் இருக்கிறாரா என்றும் ஒருமுறை பாருங்கள். இருந்தால் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஹாலம் தொகுதிக்காரர்கள் 'லார்டு ஆலன் ஆஃப் ஹாலம்' என்று சேர்த்துக்கொள்ளலாம்.